கை கழுவினார்கள், கட்டிப்பிடிக்கவில்லை... ஆனாலும் 53 பேருக்குக் கொரோனா! பாட்டு வகுப்புகள் பெருந்தொற்றில் கற்றுக்கொண்டது என்ன?

2020 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு வடக்கே இருக்கும் மவுன்ட் வெர்னன் என்ற சிற்றூரில் ஸ்காகிட் வேலி கோரல் என்ற சேர்ந்திசைக் குழுவின் வாராந்திர ஒத்திகை. இடம் ஒரு தேவாலயத்தின் கூடம். கொரோனா பற்றிய செய்திகள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததால் குழுவினர் எச்சரிக்கையாகத்தான் இருந்தார்கள். வாசலில் சானிடைசர் வைத்தார்கள். கைகுலுக்கலும் கட்டிப்பிடித்தலும் வேண்டாம் என்று தவிர்த்தார்கள். அன்று வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு மூன்று நாட்களாக லேசான ஜலதோஷம் மாதிரி இருந்திருக்கிறது.

இரண்டரை மணி நேரம் பாடினார்கள். நடுவில் கொஞ்சம் பிஸ்கட், ஆரஞ்சு. பிறகு நாற்காலிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த சில நாட்களில் அந்த ஒருவரையும் சேர்த்து 53 பேர் நோயாளிகள் ஆனார்கள். பரிசோதனையில் உறுதியானது 33, அறிகுறிகளை வைத்துக் கணித்தது 20. மூன்று பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு பேர் உயிரிழந்தார்கள். மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இதை ஆய்வறிக்கையாக வெளியிட்டபோது, உலகம் முழுக்க இசைப் பள்ளிகள் அதிர்ந்துபோயின. ஒரே ஒரு ஒத்திகை. 61 பேரில் 53 பேர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் குழு அப்போதைய விதிகளை மீறவில்லை என்பதுதான். விதிகள்தான் தப்பு. இருமல், தும்மலில் தெறிக்கும் பெரிய துளிகளும் தொட்ட கையும்தான் ஆபத்து என்று அன்றைக்கு எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே மார்ச் 28ஆம் தேதி உலக சுகாதார நிறுவனமே 'கோவிட் காற்றில் பரவுவதில்லை' என்று ட்விட்டரில் பதிவிட்டது. அந்தக் கூடத்தில் பரவியதைக் கைகளை வைத்து மட்டும் விளக்க முடியவில்லை. எட்ட உட்கார்ந்திருந்தவர்களுக்கும் வந்திருந்தது. அன்று அந்த அறையில் அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தது காற்று.

இன்று கொரோனா பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் சளிக் காய்ச்சல் சீசன் வருஷா வருஷம் வருகிறது. ஏசி போட்ட அறையில், ஜன்னலை அடைத்துக்கொண்டு, பத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் பாடும் வகுப்புகளும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அன்றைக்குச் செய்த சோதனைகளில் எது வேலை செய்தது, எது வெறும் சடங்கு என்பது இப்போது தெளிவாகத் தெரியும். அதனால்தான் இந்த அலசல்.

பாடினால் அப்படி என்னதான் வெளியே வருகிறது?

மூச்சு விடும்போதே கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வருகின்றன. பேசினால் கூடும். குரல்வளையில் இருக்கும் குரல் நாண்கள் அதிரும்போது அவற்றின் மேலுள்ள ஈரப்படலம் உடைந்து சிதறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். சின்னவை விழாது. ஊதுபத்திப் புகை மாதிரி அறைக்குள் மிதந்து பரவும். மூடிய அறை என்றால் நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகும்.

'அப்போ பாட்டுதான் வில்லனா?' இந்தக் கேள்விக்குப் பிரிட்டனில் ஒரு சுவாரஸ்யமான சோதனை செய்தார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஜோனதன் ரீட் குழுவினர், 25 தொழில்முறைப் பாடகர்களை ஒரு எலும்பு அறுவை சிகிச்சை அரங்குக்கு வரவழைத்தார்கள். கச்சேரி மேடையை விட்டுவிட்டு ஏன் ஆபரேஷன் தியேட்டர்? அங்கே காற்று அவ்வளவு சுத்தமாக வடிகட்டப்பட்டிருக்கும். அளவுமானியில் தெரியும் ஒவ்வொரு நுண்துளியும் அந்தப் பாடகருடையதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். அவர்களைப் பிறந்தநாள் பாட்டைப் பாடவும், அதே வரிகளைப் பேசவும் சொன்னார்கள். மெதுவாக, நடுத்தரமாக, உரக்க.

முடிவு: ஒரே சத்த அளவில் பாடுவதற்கும் பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாடும்போது ஓரளவு கூடுதல், அவ்வளவுதான். ஆனால் மெதுவான குரலில் இருந்து உரத்த குரலுக்குப் போகும்போது வெளிவரும் நுண்துளிகளின் நிறை 20 முதல் 30 மடங்கு வரை உயர்ந்தது. அதாவது, பிரச்சினை ராகத்தில் இல்லை, வால்யூமில்! இந்த முடிவுகள் வந்த பிறகு, 2020 ஆகஸ்டில் பிரிட்டன் அரசு தன் விதிகளைத் தளர்த்தியது. அதுவரை அமெச்சூர் பாடகர்கள் மட்டும் கூடாது, தொழில்முறைக்காரர்கள் பாடலாம் என்று இருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது. வைரஸுக்கு யார் சம்பளம் வாங்கிப் பாடுகிறார் என்று எப்படித் தெரியும்?

வகுப்பறைக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. ஆசிரியர் மைக் வைத்துக்கொண்டால் கத்த வேண்டாம். பிள்ளைகள் சாதகத்தை முழுக் குரலில் ஒன்றாகப் பாடாமல் பாதிக் குரலில் பாடலாம். செலவே இல்லாத மாற்றம்.

30 நிமிடக் கணக்கு

அமெரிக்காவில் பள்ளிக்கூட பேண்ட் என்பது பெரிய விஷயம். டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் என்று ஊதும் கருவிகளோடு ஒரே அறையில் 50, 60 மாணவர்கள் உட்காருவார்கள். 2020 கோடையில், செப்டம்பரில் பள்ளி திறந்தால் இவர்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. 100க்கும் மேற்பட்ட இசை, நாடக அமைப்புகள் ஒன்று சேர்ந்து பணம் போட்டு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஷெல்லி மில்லர், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜெலினா ஸ்ரெப்ரிக் ஆகிய இரு பேராசிரியர்களிடம் ஆய்வை ஒப்படைத்தன. (ஸ்காகிட் ஒத்திகையின் காற்றோட்டத்தைக் கணக்குப்போட்டு ஆராய்ந்ததும் இதே ஷெல்லி மில்லர் குழுதான்.)

அந்த ஆய்வில் இருந்து வந்த பரிந்துரைகள் பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாகவே இருந்தன. வாய் இருக்கும் இடத்தில் கீறல் விட்ட மாஸ்க், அதன் வழியே கருவியை நுழைத்து ஊத வேண்டும். டிரம்பெட்டின் அகன்ற வாய்க்கு ஒரு துணி மூடி. ஆளுக்கு ஆள் 6 அடி. டிராம்போன்காரருக்கு மட்டும் 9 அடி, காரணம் அந்தக் கருவி முன்னால் நீண்டு நீண்டு வரும். கருவிக்குள் சேரும் எச்சில் நீரை வழக்கமாகத் தரையில் ஊற்றிவிடுவார்கள். அதற்குப் பதில் நாய்க்குட்டிகளுக்குப் போடும் உறிஞ்சு விரிப்பில் ஊற்றச் சொன்னார்கள். வாஷிங்டன் மாநிலத்திலேயே வெனாட்சி என்ற ஊரின் பள்ளி ஒருபடி மேலே போய், ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிக் கூடாரம் போட்டு பேண்ட் வாசிக்க வைத்தது. 2021இல் அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

கூடாரத்தை எல்லாம் விடுங்கள். அந்தப் பரிந்துரைகளில் இன்றைக்கும் செல்லுபடியாகக்கூடியது ஒன்றுதான்: தொடர்ந்து 30 நிமிடங்களுக்கு மேல் பாடவோ ஊதவோ வேண்டாம். பிறகு அறையை விட்டு வெளியே போங்கள். காற்று மாறட்டும். அப்புறம் அடுத்த அமர்வு.

'காற்று மாறுவது' என்றால் என்ன? அறையின் கன அளவு எவ்வளவோ, அவ்வளவு வெளிக்காற்று உள்ளே வந்தால் அது ஒரு காற்று மாற்றம். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதுக்காற்று வந்து பழைய காற்றை வரிசையாகத் தள்ளிவிடுவதில்லை, அதோடு கலக்கிறது. அதனால் ஒரு மாற்றம் முடிந்த பிறகும் பழைய நுண்துளிகளில் சுமார் 37 சதவீதம் மிச்சம் இருக்கும். இரண்டாவதுக்குப் பிறகு 14, மூன்றாவதுக்குப் பிறகு 5. காபி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவுகிற மாதிரிதான். அதனால்தான் குறைந்தது ஒரு மாற்றம், முடிந்தால் மூன்று என்றார்கள். மணிக்கு மூன்று முறை காற்று மாறும் அறையில் ஒரு மாற்றத்துக்கு 20 நிமிடம், மூன்றுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். ஸ்காகிட் ஒத்திகை நடந்த கூடத்தின் கன அளவு 810 கன மீட்டர். 61 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 13 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அது வெறும் 34 கன மீட்டர். அதில் ஒரு டீச்சரும் எட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்தால் ஆளுக்கு 4 கன மீட்டர் கூட இல்லை. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் எத்தனை வீட்டுக் கூடங்களில் இப்படி வகுப்பு நடக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏசி ஓடுதே, போதாதா?

போதாது. நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப அனுப்புகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்குக் குழாயில் போய் வருவது குளிர்பதன வாயு மட்டுமே. இந்த விஷயத்தை நம் நாட்டிலேயே அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட அறிவுரை முழுக்கக் காற்றோட்டத்தைப் பற்றியதுதான். நுண்துளிகள் 10 மீட்டர் வரை போகலாம், ஏசி ஓடும்போதும் ஜன்னல் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள் என்றது. அன்றைய களேபரத்தில் எத்தனை பேர் படித்தார்களோ!

அறைக்கு எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருந்தால் அதுவே பெரிய வரம். ஒரு ஜன்னல்தான் என்றால், ஒரு பெடஸ்டல் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்து, எதிரே கதவைத் திறந்து விடலாம். உள்காற்று வெளியே போகும், கதவு வழியாகப் புதிது வரும்.

காற்று போதுமா என்று கண்ணால் பார்க்க முடியாதே? அதற்குத்தான் கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் அளவில் இருக்கும். நாம் விடும் மூச்சில் சுமார் 40,000. அறையில் 1,200 காட்டினால், நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிட்டத்தட்ட 2 சதவீதம் மற்றவர்கள் விட்ட மூச்சு. அதாவது 50 மூச்சுக்கு ஒன்று பக்கத்து ஆளுடையது. 800க்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள். இந்த மீட்டர் வைரஸை அளக்காது, பகிர்ந்துகொள்ளும் மூச்சைத்தான் அளக்கும். வகுப்புக்கு அது போதும்.

ஏர் பியூரிஃபையர் வைக்கலாமா? வைக்கலாம். ஹெப்பா ஃபில்டர் இருக்க வேண்டும். பெட்டியில் 'சிஏடிஆர்' என்று ஒரு எண் இருக்கும், மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு. 300 என்று இருந்தால், நாம் மேலே பார்த்த 34 கன மீட்டர் அறையில் மணிக்கு கிட்டத்தட்ட 9 மாற்றத்துக்குச் சமம். பிரமாதம்தான். ஒரே சிக்கல், அந்த எண் முழு வேகத்தில் ஓட்டினால்தான் கிடைக்கும். முழு வேகத்தில் அது போடும் இரைச்சலில் தம்புரா எங்கே கேட்கும்? பெரிய மெஷினாக வாங்கிக் குறைந்த வேகத்தில் ஓட்டுவதும், இடைவேளையில் முழு வேகத்தில் விடுவதும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கண்ணாடித் தடுப்பு எதற்கு?

பலனில்லாமல் போனவற்றில் முதலிடம் இதற்குத்தான். பாடுபவர்களுக்கு நடுவே அக்ரிலிக் பலகைகளை நிறுத்தினார்கள். எதிரே தெறிக்கும் துளியை அது தடுக்கும், உண்மை. மிதக்கும் புகையைத் தடுக்குமா? மேலேயும் பக்கவாட்டிலும் சுற்றிக்கொண்டு வந்துவிடும். போதாக்குறைக்கு, பலகைகள் காற்றோட்டத்தை மறித்து, காற்று நகராமல் தேங்கும் மூலைகளை உண்டாக்கும். அதனால் இசைக் கலைஞர்களுக்கு நடுவே தடுப்பு வேண்டாம் என்றே கொலராடோ-மேரிலாந்து குழுவின் பரிந்துரை சொன்னது.

அடுத்தது சானிடைசர். பியானோ கட்டைகளையும் மேசை நாற்காலிகளையும் மணிக்கொரு தரம் துடைத்தார்கள். 2021 ஏப்ரலில் சிடிசி வெளியிட்ட கணக்குப்படி, மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு. கை கழுவுவது நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் வயலின் மேல் சானிடைசர் அடித்துவிடாதீர்கள், ஆல்கஹால் அதன் வார்னிஷை அரித்துவிடும். ஒருவர் வாய் வைத்த புல்லாங்குழலையும் சீவாளியையும் இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது என்பது கொரோனாவுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

பலகை வைக்காமலே பலன் கண்டது யூட்டா சிம்பொனி. சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் இந்த இசைக்குழுவுக்காக யூட்டா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் கம்ப்யூட்டரில் காற்றோட்ட மாதிரியை உருவாக்கினார்கள். காற்று எங்கிருந்து வந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து, டிரம்பெட், ஓபோ போன்ற ஊதும் கருவிகளைக் காற்று வெளியேறும் பக்கம் நகர்த்தினார்கள். நுண்துளிகளைக் கிளப்பாத தாளக் கருவிகளை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மற்றவர்கள் சுவாசிக்கும் இடத்தில் நுண்துளிகளின் அளவு ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று காட்டியது மாதிரி. நாற்காலியை மாற்றிப் போட்டு, கதவைத் திறந்ததற்கு இது பெரிய லாபம். நம் வகுப்பிலும் வயலின், வீணை, மிருதங்கப் பிள்ளைகள் மாஸ்க் போட்டுக்கொண்டே வாசிக்கலாம். பாடுகிறவர்களை எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் உட்கார வைக்கலாம்.

ஜூமில் ஏன் சேர்ந்து பாட முடியவில்லை?

லாக்டவுனில் ஆன்லைன் வகுப்பை முயன்ற எல்லோரும் பட்ட பாடு இது. எல்லோரும் ஒன்றாகப் பாடினால் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். நெட் ஸ்லோ என்று திட்டியிருப்பீர்கள். முழுக்க நெட்டின் தப்பு இல்லை.

இருவர் சேர்ந்து தாளம் தப்பாமல் வாசிக்க வேண்டுமென்றால், ஒருவர் எழுப்பும் ஒலி மற்றவரை சுமார் 25 மில்லி விநாடிக்குள் எட்ட வேண்டும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் எட்டரை மீட்டர் போகும். அதனால்தான் கச்சேரி மேடையில் எல்லோரும் நெருங்கி உட்காருகிறார்கள். வீடியோ கால் செயலிகளில் தாமதம் இதைப் போல் பல மடங்கு. பேசுவதற்குப் பரவாயில்லை. ஆதி தாளத்துக்கு ஆகாது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்டிரிப், இலவசமாகக் கிடைக்கும் ஜாமுலஸ் மாதிரியான மென்பொருள்கள் படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் அனுப்பித் தாமதத்தைக் குறைக்கின்றன. வைஃபை வேண்டாம், கேபிள் இணைப்பும் ஹெட்ஃபோனும் வேண்டும். ஒரே ஊருக்குள், பக்கத்து ஊருக்குள் இது நன்றாகவே வேலை செய்கிறது. சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும்? ஃபைபரில் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. இடையில் இருக்கும் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் 70 மில்லி விநாடி ஆகிவிடும். எந்த பிளான் போட்டாலும் இது குறையாது, இயற்பியல்!

ஆனால் சென்னை குருக்களிடம் அமெரிக்கப் பிள்ளைகள் ஸ்கைப் காலத்தில் இருந்தே கற்றுக்கொண்டு வருகிறார்களே? அங்கேதான் நம் பாடமுறையின் அழகு. கர்நாடக இசையில் குரு ஒரு வரி பாடுவார், சிஷ்யர் திருப்பிப் பாடுவார். இருவரும் ஒரே நேரத்தில் பாட வேண்டிய அவசியம் இல்லாததால் அரை விநாடி தாமதம் வந்தாலும் வகுப்பு நிற்காது. மேற்கத்தியச் சேர்ந்திசைக்கு அந்த வசதி இல்லை. நான்கு குரல்களும் ஒரே நொடியில் கலந்தால்தான் அது இசை. அதனால் அவர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் தனியாகப் பாடிப் பதிவு செய்து அனுப்ப, அதைக் கலந்து 'மெய்நிகர் சேர்ந்திசை' செய்தார்கள். எரிக் விட்டேகர் 2020இல் வெளியிட்ட அப்படியொரு பாடலில் 129 நாடுகளைச் சேர்ந்த 17,572 பேர் பாடினார்கள். கேட்க அழகுதான். ஆனால் அது ஒத்திகை இல்லை, எடிட்டிங். பக்கத்துக் குரலைக் கேட்டுத் தன் குரலைச் சரிசெய்வதுதான் சேர்ந்திசைப் பயிற்சியே, அது இதில் கிடைக்காது.

நம் வகுப்புக்கு ஆன்லைனில் வந்த சிக்கல் வேறு. வீடியோ செயலிகள் மனிதப் பேச்சுக்காக எழுதப்பட்டவை. மாறாமல் ஒரே மாதிரி கேட்கும் எந்த ஒலியையும் ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். தம்புரா? அதுவும் மாறாத ஒலிதானே! டீச்சர் பக்கம் சுருதி கணீரென்று ஒலிக்க, பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது. நீண்ட கார்வையின் நடுவே குரலே தேய்ந்துபோகும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியை ஆன் செய்தால் இந்த வடிகட்டல் நின்றுவிடும். இரண்டு பக்கமும் அவரவர் போனில் தனித்தனியாகத் தம்புரா ஆப் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. தாளம் மட்டும் பிள்ளையின் கையில்தான், டீச்சர் கையைப் பார்த்துப் போட்டால் தப்பும்.

காய்ச்சலோடு வருவது

இத்தனை மெஷின், கணக்கு எல்லாவற்றையும் விட மலிவான ஒரு விதி இருக்கிறது. அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்: உடம்பு சரியில்லை என்றால் வராதீர்கள். ஸ்காகிட்டில் அந்த ஒருவருக்கு இருந்தது வெறும் ஜலதோஷம் மாதிரியான அறிகுறி. அவரைக் குறை சொல்ல முடியாது, நம்மில் யாரும் அதற்காக ஒத்திகையை விட்டிருக்க மாட்டோம். இசை உலகில் 'காய்ச்சலோடு வந்து பாடினார்' என்பது பாராட்டு. அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வகுப்புக்கு வராத பிள்ளையை எந்த டீச்சரும் சந்தோஷமாகப் பார்ப்பதில்லை. மாதக் கட்டணம் கட்டிய பெற்றோரும் ஒரு வகுப்பை விட மனசு வராமல், இருமுகிற பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

லாக்டவுன் கற்றுத்தந்த ஆன்லைன் வகுப்பு இங்கேதான் உண்மையில் பயன்படும். சளி பிடித்த பிள்ளை அன்று மட்டும் வீட்டில் இருந்து போனில் சேர்ந்து, மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். விட்ட வகுப்பை வேறு நாளில் ஈடுகட்டித் தருவேன் என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெற்றோருக்கும் தயக்கம் குறையும். வகுப்பில் அறுபதைத் தாண்டிய மாணவர்களோ, வீட்டில் வயதான தாத்தா பாட்டி இருக்கும் பிள்ளைகளோ இருந்தால் இதைக் கறாராகவே வைத்துக்கொள்ளலாம். ஸ்காகிட் குழுவினரின் வயதில் நடுமதிப்பு 69.